கணக்குக் கேட்பது குற்றமன்று

நம்மில் பலர் வணிகவியல் படிக்கிறோம். பற்று எது, வரவு எது என்று தேர்வில் பிழையின்றி எழுதுகிறோம். ஆனால் நம் வீட்டுக்கு ஒரு தவறான பில் வந்தால் என்ன செய்கிறோம்? முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுகிறோம். நானும் அப்படிப்பட்டவன்தான். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் என் மாமா கடைக்கு வந்த ஒரு கூரியர் பில், வகுப்பில் நான் படியாத பாடமொன்றைக் கற்பித்தது. அதை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மாமா தில்லி கரோல் பாகில் அப்பளக் கடை வைத்திருக்கிறார். கடை என்பதுகூட மிகை. முன்னறையில் விற்பனை, பின்னறையில் அப்பளம் இடும் நான்கு பெண்கள், நடுவில் கணக்கெழுதும் அத்தை, அவ்வளவே. ஜெய்ப்பூர், போபால், லக்னோ முதலிய ஊர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்பளம் பெட்டி பெட்டியாகக் கூரியரில் போகும். மாதக் கூரியர் செலவு பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனதில்லை. செப்டம்பர் மாதத்துக்கு வந்த பில்லோ ரூ. 18,478.80!

“பெரிய கம்பெனியோட நமக்கு எதுக்குடா வம்பு? தீபாவளி வருது. பார்சல் எடுக்க மாட்டேன்னுட்டான்னா என்ன பண்றது? கட்டிட்டுப் போவோம்” என்றார் மாமா.

“ஏன் கட்டணும்? அந்த ஆறாயிரம் இருந்தா சனிக்கிழமை நாலு பேருக்கும் கூலி கொடுத்துடலாம். என் நோட்டைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க” என்றார் அத்தை.

அந்த நோட்டுதான் இந்த வரலாற்றின் கதாநாயகன். ஒவ்வொரு பார்சலும் வீட்டை விட்டுக் கிளம்புமுன், அதன் எண், தேதி, ஊர், நீள அகல உயரம், எடை ஆகியவற்றை அத்தை எழுதி வைப்பது வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

எடை இரண்டு வகை

பில்லைப் புரிந்துகொள்ளுமுன், கூரியர்க் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். தராசு காட்டுவது உண்மை எடை. இதைத் தவிரப் பரும எடை என்று ஒன்று உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்தால் வருவது அது. விமானச் சரக்கில் 6000, கூரியரில் 5000 என்பது பரவலான வழக்கம்; ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இந்த எண் மாறலாம். இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

இது அநியாயம் என்று சிலர் எண்ணுவர். அப்படியன்று. இலவம்பஞ்சு மெத்தையை ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும். தராசு முள்ளோ அதிகம் அசையாது. இடத்தை அடைத்தவன் இடத்துக்கு விலை கொடுப்பது முறையே. 5000ஆல் வகுப்பது என்றால், ஒரு கன மீட்டர் இடத்தை 200 கிலோவாகக் கொள்வது என்று பொருள்.

அத்தையின் பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம். பெருக்கினால் 24,000. 5000ஆல் வகுத்தால் 4.8. அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் 5 கிலோ. அப்பளம் உடையாதிருக்கக் காகிதம் திணித்து அனுப்புவதால் உண்மை எடை 3 கிலோதான். ஒப்பந்தப்படி கிலோவுக்கு ரூ. 40, ஆகவே பெட்டிக்கு ரூ. 200. அதற்கு மேல் 18 சதவீதம் சரக்கு சேவை வரி. அப்பளத்துக்கு இவ்வரி கிடையாது. ஆதலின் கூரியருக்குக் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள மாமாவுக்கு வழியில்லை. அதிகமாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் வரியோடு சேர்ந்தே கையைக் கடிக்கும்.

பில்லைப் பிரித்துப் படித்தல்

கூரியர்க்காரர்களின் இணையதளத்திலிருந்து பார்சல்வாரியான விவரத்தை எடுத்தேன். அன்றிரவு அத்தை நோட்டைப் படிக்க, நான் பில்லில் குறியிட்டேன். மொத்தத் தொகையைப் பார்த்தபோது மலையாகத் தோன்றியது, வரிவரியாகப் பார்த்தபோது நான்கு குவியல்களாகப் பிரிந்தது.

முதற் குவியல்: 18 பெட்டிகளுக்கு உயரம் 20க்குப் பதில் 40 என்று பதிவாகியிருந்தது. அதனால் பரும எடை 9.6 ஆகி, 10 கிலோவுக்கு ரூ. 400 வீதம் போட்டிருந்தார்கள். உண்மை எடையும் 3க்குப் பதில் 6 என்றிருந்தது! எல்லாம் சரியாக இரட்டிப்பு. எடுத்துச் செல்லும் பையன் அந்த இரண்டு நாளும் இரண்டிரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அத்தைக்கு நினைவு வந்தது. இயந்திரம் அந்த இரட்டைப் பெட்டியை அளந்து, அந்த அளவை ஒவ்வோர் எண்ணுக்கும் எழுதிவிட்டது. அதிகம் ரூ. 3,600.

இரண்டாவது: வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்த 3 பெட்டிகளுக்குத் ‘திருப்பி அனுப்பிய கட்டணம்’. அதிகம் ரூ. 600.

மூன்றாவது: நோட்டிலேயே இல்லாத 2 பார்சல் எண்கள். யாருடைய சரக்கோ மாமா கணக்கில் ஏறியிருந்தது. ரூ. 900.

நான்காவது குவியல்தான் சங்கடமானது. 4 பெட்டிகளுக்கு உயரம் 24 என்று போட்டு, 6 கிலோவுக்கு ரூ. 240 கேட்டிருந்தார்கள். அத்தை நோட்டில் 20 என்றே இருந்தது. எனினும் நவராத்திரிக்காக அந்தப் பெட்டிகளில் இரண்டு கட்டு அப்பளம் கூடுதலாகத் திணித்ததில் மூடி உப்பியதை அத்தையே ஒப்புக்கொண்டார். அவை போனபோது அவர் அளக்கவில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டார்.

“இதை நாமே காட்டிக் கொடுக்கணுமா?” என்றார் மாமா.

“அளக்காதது என் தப்பு. மத்ததை நம்பணும்னா இதை ஒத்துக்கத்தான் வேணும்” என்றார் அத்தை.

முதல் மூன்று குவியலும் சேர்ந்து ரூ. 5,100, வரி ரூ. 918, ஆக ரூ. 6,018. அதைக் கழித்தால் நியாயமாகக் கட்டவேண்டியது ரூ. 12,460.80.

கடிதம்

பில்லின் அடியில் பொடி எழுத்தில், ஆட்சேபணை இருப்பின் ஏழு நாள்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்றிருந்தது. அன்று ஐந்தாம் நாள். இத்தகைய கெடு பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. பலர் தோற்பது நியாயத்தால் அன்று, நாளைத் தவறவிட்டதால்தான்.

ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ‘அநியாயம்’, ‘கொள்ளை’ என்ற சொற்கள் என் முதற் படியில் இருந்தன, அத்தை அடித்துவிட்டார். எஞ்சியது ஓர் அட்டவணை: பார்சல் எண், அவர்கள் அளவு, எங்கள் அளவு, வித்தியாசம். நோட்டுப் பக்கங்களின் படமும், பெட்டியை நாடாவால் அளந்த படமும் இணைத்தோம். 4 பெட்டிகளின் அளவு சரியே என்றும் எழுதினோம். வழக்கில்லாத ரூ. 12,460.80ஐ அன்றே கட்டி, அந்த ரசீதையும் வைத்தோம். இதனால் ‘பணம் தராதவர்’ என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

முதலில் வந்தது இயந்திரப் பதில்: “அளவு சரியே.” அடுத்து, பாக்கி இருப்பதாகச் சொல்லி மூன்று நாள் பார்சல் எடுக்க ஆள் வரவில்லை. மாமா முகம் சுண்டிப் போயிற்று. அந்த மூன்று நாளும் பெட்டிகளை நானே தபால் நிலையத்துக்குச் சுமந்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். அதே கடிதத்தை மேலதிகாரிக்கு மீண்டும் அனுப்பினோம். பதினைந்தாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தப்பு உங்களுடையது என்று நீங்களே எழுதியிருந்த அந்த நாலு பெட்டியைப் பார்த்துத்தான் மீதியையும் படித்தேன்” என்றார். ரூ. 5,310 குறைக்கப்பட்டது. திருப்பி அனுப்பியதாகச் சொன்ன மூன்றில் இரண்டு வாடிக்கையாளர்கள் பெற்றுக்கொண்டதற்குச் சான்று அனுப்பினர், அதற்கு ரூ. 472 கிடைத்தது. மூன்றாமவர் பதிலே தரவில்லை. அந்த ரூ. 236ஐ மாமா கட்டிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு. எனவே, கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சோர வேண்டியதில்லை. எனினும் ஆட்சேபணையை எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கட்டுவதே அறிவுடைமை. குறைக்கும் தொகைக்கு, 2017ஆம் ஆண்டுச் சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி ‘கிரெடிட் நோட்’ கேட்டு வாங்கவேண்டும். அப்போதுதான் வரியும் குறையும். “அடுத்த மாதம் சரிசெய்கிறோம்” என்ற வாய்ச்சொல் கணக்கில் ஏறாது.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவையை விலக்கி வைக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வீட்டுக்குப் பொருள் வாங்குவோருக்குப் பெருந்துணை. சிறு வணிகருக்கோ முதல் அரண் ஒப்பந்தமும் சொந்தக் குறிப்பேடுமே.

அன்பர்களே, நம் வீடுகளில் பலவற்றில் ஒரு சிறு தொழில் நடக்கிறது. அதன் வருவாயில்தான் நம்மில் சிலர் இவ்வளவு தூரம் வந்து படிக்கிறோம். விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்த மாதத்து பில்களை எடுத்து ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். ஒரு நாடாவும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். கணக்குக் கேட்பது குற்றமன்று. கேட்பவர் கையிலும் கணக்கு இருக்கவேண்டும், அவ்வளவே.

இப்போது அத்தை ஒவ்வொரு பெட்டியையும் மூடிய பிறகே அளக்கிறார். இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டக் கயிறு கேட்டால் தருவதில்லை.