பாக்கெட் சொல்லும் அளவை நம்பலாமா?

அலுவலகத்தில் ஒருவர் சேமித்த கோப்பை இன்னொருவர் தன் கணினியிலிருந்தே திறக்க முடிகிறதென்றால், பின்னால் ஒரு கோப்புச் சர்வர் இருக்கிறது. விண்டோஸ் இதை எஸ்எம்பி நெறிமுறையில் செய்கிறது. லினக்ஸ் சர்வர்களும் கடையில் வாங்கும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் பலவும் சம்பா மென்பொருளைக் கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. சம்பா சி மொழியில் எழுதப்பட்டது. நெட்வொர்க்கில் பாக்கெட்டுகளாக வரும் தரவுக்காக ஒதுக்கிய நினைவகப் பகுதிதான் பஃபர். அதில் இடம் தீர்ந்த பிறகும் எழுதிக்கொண்டே போனால் சி மொழி தானாகத் தடுக்காது. வழியும் பைட்டுகள் பக்கத்திலுள்ள நினைவகத்தை அழித்துவிடும். அங்கே என்ன விழ வேண்டும் என்று அனுப்பியவர் கணக்குப் போட்டிருந்தால், சர்வரே அவர் கைக்குப் போய்விடும். இதைத் தடுப்பது பற்றி நிலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: பாஸ்வேர்டு வலுவாக இருந்தால் போதும்.

உண்மை: பாஸ்வேர்டைச் சரிபார்க்கவே சர்வர் முதலில் பாக்கெட்டைப் பிரித்துப் படித்தாக வேண்டும். பிழை அந்தப் பகுதியில் இருந்தால் பாஸ்வேர்டுக்கு வேலையே வராது. 2020 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அடைத்த 'எஸ்எம்பிகோஸ்ட்' ஓட்டை இந்த வகை. விண்டோஸ் 10இன் 1903, 1909 பதிப்புகளில் ஓடும் சர்வரைத் தாக்க எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. லாகினுக்கு முன் ஓடும் நிரலைத்தான் மிகக் கடுமையாகத் தணிக்கை செய்ய வேண்டும்.

நம்பிக்கை 2: 'இத்தனை பைட்' என்று எண்ணிக்கை கொடுத்து நகலெடுத்தால் பஃபர் வழியாது.

உண்மை: அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. 2003 ஏப்ரல் 7 அன்று சம்பா குழு 2.2.8ஏ பதிப்பை வெளியிட்டு ஒரு ஓட்டையை அடைத்தது. கோப்பின் பெயரை 1024 பைட் பஃபருக்கு நகலெடுக்கும் இடம் அது. எண்ணிக்கை வாங்கும் ஃபங்ஷனைத்தான் அங்கே பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கொடுத்தது பஃபரின் கொள்ளளவை அல்ல, பாக்கெட்டில் வந்த பெயரின் நீளத்தை. எவ்வளவு எழுதலாம் என்பதைத் தாக்குபவரே தீர்மானித்தார். கணக்கே இல்லாத ஒருவர் அதன் வழியாக ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் பெற முடிந்தது. எழுதப்படும் பஃபரில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுவே எல்லையாக இருக்க வேண்டும். 2008இல் வந்த 3.2 பதிப்பில் பாதைப் பெயருக்கான 1024 பைட் வரம்பையே சம்பா கைவிட்டது. நிலையான அளவுப் பஃபர்களை விட்டு, தேவைக்கேற்ப நினைவகம் ஒதுக்கும் முறைக்கு நகர்ந்ததன் பலன் அது. ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பதைவிட இப்படி அடிப்படையை மாற்றுவதுதான் நிலைத்த தீர்வு.

நம்பிக்கை 3: நகலெடுக்கும் முன் அளவை ஒப்பிட்டுவிட்டால் ஆபத்து இல்லை.

உண்மை: ஒப்பிடும் கணக்கே பிசகலாம். 32 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் சுமார் 429 கோடி. அதைத் தாண்டினால் கூட்டுத்தொகை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எஸ்எம்பிகோஸ்ட் ஓட்டையில் நடந்தது இதுதான். பாக்கெட்டின் தலைப்பில் வந்த இரண்டு எண்களைச் சோதிக்காமல் கூட்டினார்கள். கூட்டுத்தொகை சுருண்டு சிறிதானதால் சிறிய பஃபர் ஒதுக்கப்பட்டது, அதில் பெரிய தரவு கொட்டப்பட்டது. 2017இல் உலகை உலுக்கிய 'எட்டர்னல்புளூ' ஓட்டையும் கணக்குப் பிழைதான். 32 பிட் அளவொன்றைத் திருத்தும்போது அதன் கீழ் 16 பிட்டை மட்டும் திருத்தியது விண்டோஸ். ஆகவே கூட்டிய பிறகு ஒப்பிடக் கூடாது. உச்ச வரம்பைவிட முதல் எண் பெரிதல்ல என்று பார்த்த பிறகு, வரம்பிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தில் இரண்டாவது எண் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: கம்பைலரும் இயங்குதளமும் காப்பாற்றிவிடும்.

உண்மை: கம்பைலர் சேர்க்கும் ஸ்டாக் கேனரி என்ற காவல் மதிப்பு, பஃபர் வழிந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறது. கண்டதும் நிரலை நிறுத்துகிறது. சர்வர் கைமாறாது, ஆனால் சேவை நின்றுபோகும். அந்தக் காவலும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியோடு சரி. ஓடும்போது தேவைக்கேற்ப ஒதுக்கப்படும் ஹீப் பகுதிக்கு அது கிடையாது. 2022 ஜனவரி இறுதியில் சம்பா அடைத்த ஓட்டை ஹீப்பில்தான் இருந்தது. ஆப்பிள் கணினிகளோடு ஒத்துப்போவதற்கான 'ஃப்ரூட்' மாட்யூலில், பஃபரின் எல்லை தாண்டிப் படிக்கவும் எழுதவும் முடிந்தது. இந்தப் பாதுகாப்புகளை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஆனால் அளவுச் சோதனைக்கு அவை மாற்று அல்ல.

நம்பிக்கை 5: பல ஆண்டுகளாகப் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது, அதனால் பிழை இல்லை.

உண்மை: அன்றாடப் பயன்பாட்டில் ஒழுங்கான பாக்கெட்டுகள்தான் வருகின்றன. தாக்குபவர் அனுப்புவதோ ஒழுங்கற்றவை. அதனால்தான் ஃபஸ்ஸிங் தேவை: சிதைத்த பாக்கெட்டுகளை லட்சக்கணக்கில் நிரலுக்கு ஊட்டிச் சோதிக்கும் முறை அது. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் அட்ரஸ் சானிடைசர் கருவியோடு சேர்த்து ஓட்டினால், எல்லை தாண்டி எழுதிய வரியையே அது காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை 6: சர்வர் உள் நெட்வொர்க்கில் இருக்கிறது, வெளியார் தொட முடியாது.

உண்மை: உள்ளே ஒரு கணினி கெட்டால் போதும். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ், எட்டர்னல்புளூ வழியாக ஒரு கணினியில் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கின் மற்றக் கணினிகளைத் தேடியது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, வந்துவிட்டது.

நிரல் எழுதுவோருக்கு: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு அளவும் சரிபார்க்கப்படும்வரை பொய் என்றே கொள்ளுங்கள். சர்வரைப் பராமரிப்போருக்கு: நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ அணையுங்கள், எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள், நாஸ் பெட்டியின் அப்டேட்டை இந்த வாரமே போடுங்கள்.