குளத்தைக் காக்கும் காடும் புல்லும்

வரண்ட வலயத்துக் காட்டிற் பெருமழை பெய்யுங்கால், இலைகள் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகு நீரை உறிஞ்சுகின்றது. வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. அதே மழை வெறுமையான மேட்டு நிலத்திற் பெய்யின் நீர் செந்நிறமாய் ஓடிக் குளத்தில் வண்டலைக் கொட்டுகின்றது. பண்டைக் குளங்களை அமைத்தோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட பொறியியல் காட்டின் தொழிலைப் பின்பற்றியதேயாம்.

ஒரே பள்ளத்தாக்கிற் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருத்தலையும், மேல்வயலின் கழிவுநீர் கீழ்க்குளத்தை அடைந்து மீண்டும் பயன்படுதலையும் இன்றும் காணலாம். சிங்களத்தில் எல்லங்காவ எனப்படும் இத்தொடரைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இதனை உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் கட்டும் துருசும் வானுமே குளம் என்னும் எண்ணம் கமக்காரரிடையே இன்னும் நீங்கவில்லை.

குளத்தின் மேற்புறத்தே, நீர் நிரம்பும்போது மட்டும் நனையும் அலைகரையில், மரச்சோலை ஒன்று விடப்பட்டது. இது கஸ்கொம்மன எனப்படும். காற்றின் வேகத்தைத் தடுத்து, நீர் ஆவியாதலை இது குறைக்கின்றது. நம் குளங்கள் ஆழமற்றுப் பரந்தவையாதலின் இந்நன்மை சிறிதன்று. இதனை அடுத்துள்ள புற்றரையாகிய பெரஹன, சேனை நிலங்களிலிருந்து வரும் மண்ணை வடிகட்டுகின்றது.

கட்டின் கீழ்ப்புறத்திலுள்ள கட்டகடுவ என்னும் சிறுகாடே பெரிதும் கவனிக்கத்தக்கது. குளக்கட்டின் அடியாற் கசியும் நீர் உப்பையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு வருகின்றது. அது நேரே வயலை அடையுமாயின் நிலம் உவராகும். கட்டகடுவையிலோ முதலில் ஒரு நீர்க்குழி, அடுத்துச் சேற்று நிலம், அதன்பின் மேட்டு நிலம் என மூன்று பகுதிகள் உள. தாழை போன்ற செடிகளும் மரங்களும் அக்கசிவு நீரை உறிஞ்சி உப்பைத் தடுக்கின்றன. வயலிற் சேரும் உவர்நீரைக் கிவுல் எல என்னும் பழைய ஓடை வெளியேற்றுகின்றது.

வயலைப் பெருக்கும் ஆசையாற் சிலர் இச்சிறுகாட்டை வெட்டி நெல் விதைக்கின்றனர். இலாபம் சில பரப்பு நிலமே. இழப்போ கீழுள்ள வயல் முழுவதற்குமாகலாம். கட்டை அடுத்த வயலில் நெல் திட்டுத்திட்டாகக் குன்றி, இலைநுனி வெளுத்துக் காயுமாயின், உரம் போதாதென எண்ணுமுன் உவர் உண்டோவென்று பார்த்தல் வேண்டும். மண் உலரும்போது மேலே வெண்மையாகப் பூக்கும் உப்பு இதற்கு ஓர் அடையாளம்.

குளந் திருத்தும் இயந்திரங்கள் வருமுன் கமக்காரர் கூடி, இப்பகுதிகளின் எல்லைகளை அதிகாரிகளுக்குக் காட்டுதல் நன்று. துருசு மட்டத்திற்குக் கீழே தோண்டுவதாற் பெறும் நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதையும் அவர்கள் கருதல் வேண்டும். மேட்டில் மரக்கறி செய்வோர் சரிவுக்குக் குறுக்கே மண்வரம்பிட்டு வெட்டிவேர் நடுதல் தகும். புல்லை மாட்டுக்கு அறுக்கலாம், வேருடன் பிடுங்கலாகாது. குளத்தில் அள்ளிய வண்டலை உள்ளேயே குவித்துவிட்டால் அடுத்த பெரும்போக மழை அதனைத் திரும்பவும் குளத்திற்கே கொணரும். உவரற்றதாயின் அதனை உலர்த்தித் தோட்டப் பாத்திகளுக்கு இடலாம்.