இருமலுக்கா ஐ.சி.யூ.?

கேள்வி: தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. லேசான இருமல் என்று போனோம், உடனே ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டார்கள். இது தேவைதானா?

பதில்: தேவைதான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. நுரையீரலில் கிருமி புகுந்தாலும் சிலருக்குக் காய்ச்சல்கூடச் சரியாக அடிக்காது.

நியூமோசிஸ்டிஸ் என்றொரு பூஞ்சை இருக்கிறது, பெரிய கள்ளன். படுத்திருக்கையில் ஆக்சிஜன் 96 காட்டும். கழிவறை வரை நடந்து வந்தால் 88க்கு இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், சி.டி.யில் பிடிபடும். இதைத் தடுக்கத்தான் முதல் ஆறு மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை தருவது வழக்கம். தம்பி அதை நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் ஊரில் காசநோயையும் பார்த்தாக வேண்டும். அதற்கான ரிஃபாம்பிசின் மருந்து, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைச் சரித்துவிடும் என்பது தனித் தலைவலி. கிருமியே இல்லாமல், சிறுநீர் குறைந்து நுரையீரலில் நீர் கோத்தும் மூச்சு வாங்கலாம்.

உடம்பு கிருமியை எதிர்க்கட்டும் என்று மருத்துவர்கள் மைக்கோபினோலேட்டைச் சில நாள் நிறுத்தினால் ‘கிட்னி போய்விடுமே’ என்று பதறாதீர்கள். அந்த ஆபத்தையும் எடைபோட்டுத்தான் நிறுத்துகிறார்கள். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்த வேண்டாம்.