நிழற்படத்தின் இடம் காணல்

ஊர்ப்பெயர் எழுதப்படாத நிழற்படமொன்றைக் காட்டி, 'இஃது எவ்விடம்?' என்று வினவுவார்க்கு விடைகூறப் புகுவோர், காட்சியின் அழகை விடுத்து, இடத்துக்கிடம் மாறுபடும் பொருளையே முதலில் நோக்குதல் வேண்டும். சிதம்பரத்துக்குக் கிழக்கேயுள்ள பிச்சாவரமும் தெற்கே தொலைவிலுள்ள முத்துப்பேட்டையும் உப்பங்கழிக் காடுகள். படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேரை நோக்கின் வேறுபாடு விளங்கும். பிச்சாவரத்து ஓடைக்கரை நெடுகச் சுரபுன்னை மரங்கள் வில்போல் வளைந்த வேர்களை நீரில் ஊன்றி நிற்கின்றன. முத்துப்பேட்டையிலோ வெண்கண்டலே மிகுதி. அதன் மூச்சுவேர்கள் சேற்றினின்று எழுதுகோல்கள்போல் நிமிர்ந்து நிற்கும். வெண்கண்டல் பிச்சாவரத்திலும் உண்டாதலின், மூச்சுவேர் ஒன்றனையே கொண்டு ஊர் கூறலாகாது. சிதம்பரத்துக்குப் பெயரீந்த தில்லைமரமும் ஈண்டு உதவாது. அஃது இரு காடுகளிலும் வளர்வது.

மரமில்லாக் கடற்கரைப் படத்திற்குக் கதிரவனே சான்று. தம் தந்தையார் விட்டுச்சென்ற படமொன்றை அன்பரொருவர் நம்மிடம் கொணர்ந்தார். கடலின்மேல் தாழ்ந்த கதிரவன். பின்புறத்தில், 'கடலூர், தேவனாம்பட்டினம், மாலை' என்ற எழுத்து. ஆங்குக் கடல் கிழக்கேயன்றோ? ஒன்று, பொழுது பிழை. அன்றேல், ஊர் பிழை. படத்தைக்கொண்டு அதற்குமேல் துணிய இயலவில்லை. தந்தையார் மேலைக்கடற்கரை ஊர் எதிலேனும் பணியாற்றியதுண்டோ என்று வினவினோம். தாயாரைக் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.