பட்டும் பாலியெஸ்டரும் நுண்ணுயிரியும்

நுழையும்முன்
மண்ணில் விழுந்தது மண்ணாகும் என்பது இயற்கையின் நியதி. அதற்கு எளிதில் அடங்காத பொருள்களை மனிதன் ஆக்கிவிட்டான். அவற்றையும் உண்ணத் தொடங்கியுள்ள நுண்ணுயிரிகளைப் பற்றி உரைக்கிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த நெசவூர் ஆரணி. இங்கு நெய்யப்படும் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. சாயம் ஏற்றுவதற்கு முன் கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு அலசுவர். நூலைப் போர்த்தியுள்ள செரிசின் என்னும் பசை கரைந்தோடும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்த நூல், மென்மையும் பளபளப்பும் பெறும். கரைந்த செரிசினும் எஞ்சிய ஃபைப்ராயினும் புரதங்களே. புரதத்தை உடைக்கும் நொதிகள் நுண்ணுயிரிகளிடம் தொன்றுதொட்டே உள்ளன. ஆதலால் மண்ணில் புதையுண்ட பட்டு, மெதுவாகவேனும் மட்கிவிடும்.

பாலியெஸ்டரின் கதை வேறு. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் வேதியியலார் உருவாக்கிய இழை அது. தண்ணீர்ப் புட்டி செய்யப்படும் 'பெட்' நெகிழியும் பாலியெஸ்டர் துணியும் வேதியியல் நோக்கில் ஒன்றே. பட்டெனத் தோன்றும் மலிவுச் சேலைகள் பலவும் இவ்விழையால் ஆனவை. உலோகம் படியவைத்த நெகிழிப் படலத்தைக் கீற்றுகளாக்கிச் செய்யும் சரிகையும் உண்டு. அத்தகைய சரிகையிட்ட சேலையைப் புதைத்தால், பட்டு மட்கிய பின்னும் சரிகை கிடக்கும்!

இத்துணிகளைத் துவைக்கும்போது கண்ணுக்குப் புலனாகாத இழைகள் உதிர்கின்றன. பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை இயந்திரத்தில் துவைத்தால் ஏறத்தாழ 5 இலட்சம் இழைகள் உதிரக்கூடும். 5 மில்லிமீட்டருக்கும் சிறியவையான இத்துகள்களே நுண்நெகிழிகள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் கமண்டல நாக நதி, வெள்ளக் காலத்தில் செய்யாற்றிலும், அதன்வழிப் பாலாற்றிலும் கலக்கும். கரையில் தேங்கிய துகள்களுக்கு வங்கக்கடல் வரை வழி திறந்துவிடும்.

கடலில் மிதக்கும் நெகிழித் துகள் வெறுமையாய் இருப்பதில்லை. அதன்மேல் பாக்டீரியாக்கள் படலமாய்ப் படிந்து குடியேறுகின்றன. இக்குடியிருப்பிற்கு 2013இல் 'நெகிழிக்கோளம்' என அறிவியலார் பெயரிட்டனர். அங்கு வாழ்வன அனைத்தும் நெகிழியை உண்பனவல்ல. பெரும்பாலானவற்றுக்கு அது வெறும் தெப்பமே. நோய் விளைவிக்கும் இனங்களும் அதில் பயணம் செய்யக்கூடும்.

உண்பன எவை? ஜப்பானின் சக்காய் நகரில் நெகிழி மறுசுழற்சி ஆலையருகே கண்டறியப்பட்ட 'இடியோனெல்லா சக்காயென்சிஸ்' என்னும் பாக்டீரியா 2016இல் உலகின் கவனத்தை ஈர்த்தது. 30 பாகை செல்சியசில், மெல்லிய பெட் படலத்தை ஆறு வாரங்களில் அது ஏறக்குறைய முற்றும் சிதைத்தது. இது மண்வாழ் உயிரி. கடல்சார் உயிரிகளிலும் இத்திறன் உண்டு. எண்ணெய்க் கசிவால் மாசடைந்த ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை மணலில் கிடைத்த 'சூடோமோனாஸ் எஸ்டஸ்நைக்ரி' என்னும் பாக்டீரியாவின் நொதி, பெட் படலத்தைச் சிதைப்பது 2020இல் அறியப்பட்டது.

மனிதன் நேற்று ஆக்கிய பொருளை உடைக்கும் கருவி இவற்றுக்கு எங்ஙனம் வாய்த்தது? விடை இலையில் உள்ளது. இலையின் மேற்பரப்பை மூடியுள்ள கியூட்டின் என்னும் மெழுகனைய பொருளும் பாலியெஸ்டரைப் போலவே எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. உதிர்ந்த இலையை மட்கச்செய்யும் நொதிகளின் உறவினங்களே இன்று நெகிழியையும் அறுக்கின்றன. நீர் மூலக்கூறு ஒன்றைப் புகுத்தி எஸ்டர் பிணைப்பை அவை வெட்டும்போது நெடுஞ்சங்கிலி துண்டாகிறது. டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் வெளிப்படுகின்றன. கைப்பைகளாகும் பாலிஎத்திலீனிலோ வெட்டுவதற்கு எஸ்டர் பிணைப்பே இல்லை. முழுதும் கார்பன் பிணைப்புகளாலான அச்சங்கிலி இந்நொதிகளுக்கு வசப்படாது.

வேகமும் ஒரு தடை. நூற்கும்போது இழுக்கப்பட்ட பாலியெஸ்டர் இழையில் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் நொதி உட்புகுதல் அரிது. ஆழ்கடலின் குளிரில் வினை மேலும் தளரும். இலைமட்கில் கிடைத்த நொதியொன்றை மாற்றியமைத்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அரைத்த பெட் நெகிழியில் 90 விழுக்காட்டைப் பத்தே மணிநேரத்தில் சிதைத்ததாக 2020இல் அறிவித்தனர். ஆனால் அது 72 பாகை வெப்பமுள்ள கலனில் நிகழ்ந்தது. பெட் இளகும் வெப்பநிலை அது. கலனுக்குள் நெகிழியைத் திரட்டி இடலாம். வங்கக்கடலில் சிதறிய இழைகளைத் திரட்டுவது எளிதன்று. துவைத்த நீர் ஆற்றைச் சேரும் முன்னரே வடிகட்டியால் இழைகளைப் பிடித்தால்தான் இந்நொதிகளுக்கு வேலை கிட்டும்.