பேசஞ்சர் கார்ஸ் ஒன்லி

மொத்தம் 9,400 டாலர். வண்டி வாடகை தனி. இதில் போலீஸ் எழுதிய டிக்கெட்டையும், எடிசனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வர அமர்த்திய இரண்டு டாக்ஸிகளையும் நான் சேர்க்கவில்லை. 38 நிமிடம் மிச்சப்படுத்தப் போய்க் கட்டிய தொகை இது.

2023 ஜூலையில் மாமாவும் அத்தையும் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நாம் எல்லோரும் செய்வதுதான்: நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் மூன்றும் முடிந்துவிட்டன. அத்தைக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. சமையலறையோடு போய்விடலாம் என்று ஆர்.வி. எடுத்தேன். 25 அடி நீளம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. சாதாரண லைசென்ஸ் போதும், அதனால்தான் என்னைப் போன்றவர்களும் இதில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்டிக்கர்: உயரம் 12 அடி. அதைப் படித்தேன், போனில் ஆர்.வி.க்கென்று இருக்கும் ஆப் ஒன்றை ஓராண்டுக் கட்டணம் கட்டி இறக்கி, அதே உயரத்தைப் போட்டேன். இதுவரை நான் செய்தது எல்லாம் சரி. இதை என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் இரவு கனெக்டிகட் கடற்கரையில் மிஸ்டிக் பக்கம் தங்கல், பிறகு மெய்ன் மாநிலத்தில் அகேடியா. எடிசனில் 287ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அதுவே மேலே சுற்றிக்கொண்டு போய், மரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைத் தாண்டி, ரை என்ற இடத்தில் 95இல் சேர்த்துவிடும். ஆர்.வி. ஆப் அதைத்தான் சொன்னது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் 95 எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டாம்ஃபர்டிலிருந்து ஒரே சிவப்புக் கோடு.

பக்கத்து இருக்கையில் என் மச்சினன். அவன் போனில் எல்லோர் போனிலும் இருக்கும் காருக்கான மேப். “அத்தான், உங்க ஆப் சும்மா சுத்த விடுது. இதுல 38 நிமிஷம் கம்மி” என்றான். நான் முதலில் மறுத்தேன். பின்னாலிருந்து மாமா, “மாப்ளே, பையன் கம்ப்யூட்டர்லயே இருக்கவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நான் இங்கே பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறேன். அது வேறு விஷயம்.

ஒயிட் பிளெயின்ஸ் தாண்டி ஹட்சின்சன் ரிவர் பார்க்வேக்குத் திரும்பச் சொன்னது மச்சினன் போன். அதே நொடியில் என் போன் நேராகப் போகச் சொன்னது. இரண்டு பெண் குரல்களும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பேசின. நான் என் போனின் சத்தத்தை அணைத்தேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும். என் வண்டி 12 அடி உயரம் என்று தெரிந்த ஒரே குரலை நான் என் கையாலேயே அணைத்தேன்.

ராம்ப்பில் பலகை தெளிவாக இருந்தது. ‘பேசஞ்சர் கார்ஸ் ஒன்லி’. கால் தயங்கியது. “நாமளும் பேசஞ்சர்தானே அத்தான், லாரியா ஓட்டுதோம்?” என்றான். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. ஆர்.வி.யில் போகிறவர்கள் சரக்கா? சிரிக்காதீர்கள், ராம்ப்பில் பின்னால் மூன்று கார் நிற்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் படும்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பக்கத்துப் பார்க்வேக்கள் நெடுஞ்சாலைகள் அல்ல. 1920களிலும் 30களிலும் ஞாயிற்றுக்கிழமை காரில் உல்லாசமாகப் போய்வர, பூங்காவுக்குள் போடுவது போலப் போட்ட சாலைகள். பாலங்கள் அழகான கல் வளைவுகள், உயரம் அந்தக் காலத்துக் காருக்கு. இதே சாலை கனெக்டிகட்டுக்குள் மெரிட் பார்க்வே என்று பெயர் மாறும். அங்கே 8 அடிக்கு மேல் உயரமான வண்டிக்கே அனுமதி இல்லை. ஹட்சின்சனில் எல்லையை ஒட்டி இருக்கும் கிங் ஸ்ட்ரீட் பாலம், லாரிகள் வந்து முட்டுவதற்கென்றே பெயர் வாங்கியது. வளைவு என்பதில் இன்னொரு சூழ்ச்சி உண்டு: நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. புதிதாக ஆர்.வி. ஓட்டுகிறவன் பயந்து பயந்து வலது ஓரமாகத்தானே போவான்? நானும் அப்படித்தான் போனேன்.

பாலத்தைப் பார்த்ததும் வேகத்தை நன்றாகக் குறைத்தேன். நடுப்பக்கமாக ஒதுக்கினேன். முன்பக்கம் நுழைந்துவிட்டது. “போகும் போகும்” என்றான் மச்சினன். அப்போதுதான் கூரை மேலிருந்த ஏ.சி. பாலத்தைத் தொட்டது. தகரக் கொட்டகையை யாரோ ஓரத்தில் பிடித்து உருவுவது போல ஒரு சத்தம். மேல் அலமாரி திறந்து எள்ளு மிளகாய்ப்பொடி டப்பா மாமாவின் வேட்டியில் கவிழ்ந்தது. அத்தை மடியில் இருந்த பேரனை அணைத்துக்கொண்டு “முருகா” என்றார். கூரையில் கைக்குட்டை அளவுக்கு ஆகாயம் தெரிந்தது. யாருக்கும் அடி இல்லை, அதை மட்டும் ஆயிரம் தடவை சொல்லிக்கொள்ளலாம்.

போலீஸ்காரர் வந்து சாலையை அடைத்து, பின்னால் நின்ற கார்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பி, என்னைப் பின்னோக்கி எடுக்க வைக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இருந்தது. வண்டியை இழுவை வண்டி கொண்டுபோனது. டாக்ஸியில் அத்தை இட்லிக் கொப்பரையை மடியில் வைத்தபடி எடிசன் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பணம் எங்கே போனது என்று சொல்கிறேன். வாடகைக் கம்பெனியிடம் நாள் கணக்கில் கூடுதலாகக் கட்டி ‘முழுப் பாதுகாப்பு’ வாங்கியிருந்தேன். ஒப்பந்தத்தின் உள்ளே, கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஏற்படும் சேதம் அதில் சேராது என்று இருந்தது. என் கிரெடிட் கார்டு வாடகைக் கார்களுக்குக் காப்பீடு தரும், ஆர்.வி.க்குத் தராது. இரண்டும் அபூர்வமான விதிகள் இல்லை, உங்கள் காகிதத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துப் பாருங்கள்.

இனி வழி சொல்லும் கருவி. அந்த அடி வாங்கிய பிறகு கார்மினின் ஆர்.வி. மாடல் ஒன்றை வாங்கினேன். எட்டு அங்குலத் திரை, கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது. ஆப் இருக்கும்போது அறுநூறு டாலருக்கு இது எதற்கு என்று வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும். அதே ஆப்தான் அன்றைக்கும் சரியாகச் சொன்னது, இல்லையா என்று கேட்பார்கள். சொன்னது. ஆனால் போனில் இருந்ததால்தானே ஒரு விரலால் அணைக்க முடிந்தது? ஜூலை வெயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போன் சூடேறி அணைந்துவிடும். நடுவில் ஆபீஸ் கால் வரும். மலைப்பக்கம் போனால் சிக்னல் போய்விடும், முன்கூட்டியே மேப்பை இறக்கி வைக்காத ஆப் வெறும் நீலப் புள்ளிதான். ஆர்.வி. லைஃப், கோபைலட் போன்றவற்றில் இறக்கி வைக்க வழி இருக்கிறது, கிளம்பும் நாள் காலையில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? வாடகை வண்டி என்றாலும் கவலை இல்லை, கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விமானத்தில் போகலாம். நான் போனேன்.

எந்தக் கருவியானாலும் உயரம் போடும் இடத்தைப் பாருங்கள். அடியும் அங்குலமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 11 அடி 6 அங்குலம் என்பது 11.6 அடி இல்லை, பதினொன்றரை அடி. ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். கூரை மேல் ஏ.சி., ஆன்டெனா எதுவரை நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். ஏ.சி. மேல் நீளமான குச்சியைப் படுக்கை வசமாக வைத்து, அதன் நுனியிலிருந்து தரைக்கு டேப்பைப் பிடித்தால் முடிந்தது. நான் அதற்கு மேல் அரை அடி கூட்டிப் போடுகிறேன்.

அடுத்தது எரிவாயு. வண்டியில் சமையலுக்கு புரொப்பேன் இருக்கிறது என்று கருவிக்குச் சொல்ல ஒரு இடம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. நியூயார்க்கின் லிங்கன், ஹாலண்ட் சுரங்கங்களில் அந்த வண்டியை விடமாட்டார்கள். பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கங்களிலும் ஒரு சிலிண்டரில் 10 பவுண்டுக்கு மேல் இருந்தால் கூடாது, நம் வண்டியின் டேங்க் அதைவிடப் பெரியது. முன்பெல்லாம் அதற்கு மாற்றுவழி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி அது ஆற்றில் விழுந்தது. பழைய மேப்போடு கிளம்பினால், இல்லாத பாலத்துக்குத்தான் அது வழி சொல்லும். நான் அந்த ஜூனில் வாஷிங்டன் பக்கம் போகும்போது முந்தின இரவே வீட்டு வைஃபையில் மேப்பைப் புதுப்பித்தேன், கருவி என்னை 695இல் மேற்குப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனது. நேரம் கூடத்தான் ஆயிற்று. வண்டியில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கருவியும் மகான் இல்லை. ‘முன்னால் உயரம் தெரியாத பாலம்’ என்று ஓயாமல் எச்சரிக்கும், நான்கு நாளில் காது பழகிவிடும், அதுதான் ஆபத்து. அதற்காக ராண்ட் மெக்நாலி லாரிக்காரர்களுக்குப் போடும் அட்லஸ் ஒன்று வைத்திருக்கிறேன், தாழ்வான பாலங்களின் பட்டியல் மாநிலவாரியாக அதில் உண்டு. பெட்ரோல் பங்க்கின் கூரை, முகாமின் வாசல் வளைவு இவற்றை முந்தின இரவு சாட்டிலைட் படத்தில் பார்த்துக்கொள்வேன். காருக்கான மேப்பை நான் விட்டுவிடவில்லை. டிராஃபிக் பார்க்க நல்லது. ஆனால் வண்டி ஓடும்போது அதன் வாய் மூடியிருக்க வேண்டும்.

அதே 2024 அக்டோபரில் லாஸ் வேகாஸில் வண்டி எடுத்து சயான் பூங்காவுக்குப் போனோம். அங்கே 1930இல் மலையைக் குடைந்து முடித்த ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம். அப்போது 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் 15 டாலர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்திவிட்டு நம்மை நடுக்கோட்டில் விட்டார்கள். கருவி முன்கூட்டியே எச்சரித்தது, வாசலிலேயே சீட்டு வாங்கினேன், நட்டநடுவில் ஓட்டினேன். பின்னால் ஒரு பொடி டப்பாகூட அசையவில்லை. 2026 கோடையிலிருந்து பெரிய வண்டிகளை அந்தச் சாலையில் விடுவதில்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்துவிட்டது, ஆகவே நீங்கள் போவதானால் மேப்பை மறுபடியும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் இந்தக் கோடையில் யெல்லோஸ்டோனுக்கு ஆர்.வி. எடுக்கிறான். “அத்தான், அந்தக் கருவி சும்மாத்தானே கிடக்கு” என்று போன வாரம் வந்தான். கொடுத்தேன். உயரம் பன்னிரண்டரை அடி என்று நானே போட்டுத்தான் கொடுத்தேன். அவன் எடுத்திருப்பது பதினோரு அடி வண்டியாம். இருக்கட்டும், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகட்டும்.