கொடுக்கில் இருந்த மீன்

அன்புள்ள யாழினிக்கு,

காலையில் மீன்தொட்டி விளக்கைப் போட்டபோது உன் பச்சை நண்டு ஒரு குரோமிஸ் மீனைக் கொடுக்கில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது என்றும், அதுதான் கொன்றது, சந்தேகமே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும். நீ பார்த்தது நண்டு தின்றதை, கொன்றதை அல்ல. செத்ததைத் தேடித் தின்பது நண்டின் அன்றாடப் பிழைப்பு. தலையில் இருக்கும் சிற்றுணர்கொம்புகளை நீரில் ஓயாமல் சொடுக்கி மணம் பிடிக்கும். கால்நுனியாலும் சுவை அறியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு மீன் செத்து மணலில் விழுந்தால், விடிவதற்குள் நண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கண், வயிறு என்று மென்மையான இடங்களைக் கிள்ளித் தின்னத் தொடங்கியிருக்கும். மீன் தானாகச் செத்திருந்தாலும் நண்டு கொன்றிருந்தாலும் காலையில் நீ காண்பது இதே காட்சியைத்தான். இரண்டு கதைக்கும் ஒருசேரப் பொருந்தும் தடயத்தை வைத்து ஒரு கதையை மட்டும் எப்படி நம்புவது?

ஆகவே செத்த மீனை விட்டுவிட்டு உயிரோடு இருப்பவற்றைப் பார். மற்ற மீன்களும் செவுளை வேகவேகமாக அடித்தால் முதலில் அம்மோனியாவைச் சோதி. உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. அதற்கும் நண்டுக்கும் சம்பந்தமில்லை. குரோமிஸ் மீன்களைக் கூட்டமாக வாங்கினாலும், சிறிய தொட்டியில் வலியது எளியதை விரட்டி விரட்டி, கூட்டம் ஒவ்வொன்றாகக் குறைவது அடிக்கடி நடப்பதுதான். மாறாக, தண்ணீரும் சரியாக இருந்து, மற்ற மீன்களும் தெளிவாக இருந்து, இரவில் தரையிலோ பாறை இடுக்கிலோ ஒதுங்கித் தூங்கும் சின்ன மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், தப்பித்தவற்றின் வால் துடுப்பில் கிள்ளிய வடுவும் இருந்தால், அப்போது நண்டைச் சந்தேகிக்கலாம். (இரவில் பாறைக்குள்ளிருந்து டக்டக் என்று சத்தம் கேட்டால், மாண்டிஸ் இறால் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்றும் பார்.)

அடுத்து கொடுக்கு. இதற்கு உங்கள் வீட்டுச் சமையலறையே போதும். சேற்று நண்டின் கொடுக்கு தடித்தது. உள்ளே கடைவாய்ப்பல் போன்ற முண்டுகள் உண்டு. மெதுவாக மூடும், ஆனால் மட்டியின் ஓட்டையே நொறுக்கிவிடும். நீலக்கால் நண்டின் கொடுக்கு நீண்டு மெலிந்தது; நுனி கூர்மை. நீந்தி ஓடுவதை எட்டிக் கவ்வும் கருவி அது. போதாதற்கு, கடைசிக் கால் இரண்டும் துடுப்பாகத் தட்டையாகி அதை நீந்தவும் வைக்கின்றன. வேகமும் வலுவும் ஒரே கொடுக்கில் முழுமையாகச் சேராது. நெம்புகோலின் கணக்கு அப்படி. எந்த நண்டின் கொடுக்கைப் பார்த்தாலும் அது எதை உண்டு பிழைக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். உன் பச்சை நண்டு கரீபியன் பகுதிக் கடலைச் சேர்ந்த எமரால்டு நண்டாக இருந்தால் அதன் கொடுக்கு நுனி கரண்டிபோலக் குழிந்திருக்கும். பாசியைச் சுரண்டி எடுப்பதற்கு அது. குமிழ்ப்பாசியைத் தின்னும் என்றுதான் கடையில் விற்கிறார்கள். அலைந்து திரியும் ஆரோக்கியமான மீனைப் பிடிக்க அந்தக் கரண்டி தோதானதல்ல. பாறையோடு ஒட்டி வந்துசேரும் மயிரடர்ந்த, கொடுக்கு நுனி கறுத்த கோரில்லா நண்டு வேறு வகை. அதை நான் எந்தத் தொட்டியிலும் நம்பமாட்டேன். பாறை என்றதும் ஒன்று: பவளங்கள் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலில் எடுத்த பவளப்பாறை என்று யாராவது விற்க வந்தால் அது நண்டைவிடப் பெரிய வம்பு.

இவ்வளவு சொன்ன பிறகும் நீ மறுக்கலாம்: எமரால்டு நண்டு உயிருள்ள மீனைப் பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. உயிருள்ள மீன் எல்லாம் நலமான மீன் அல்ல என்பதுதான் என் பதில். நோயுற்ற மீன் தரையில் சாய்ந்து கிடக்கும். தூங்கும் மீன் நண்டின் வழியிலேயே கிடக்கும். கரண்டி நுனிக்கும் அவை எட்டும். கடைக்காரர் சொன்ன ‘பாசி தின்னி’ என்ற பெயரைப் பிறவிக் குணம் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. பாறைத்திட்டில் நண்டுக்குப் பாசிப் பஞ்சமில்லை. நூறு லிட்டர் தொட்டியில் அது சில வாரங்களிலேயே பாசியைத் தீர்த்துவிடும். அதன்பின் பசி இருக்கும், கொடுக்கு இருக்கும், பாசி இருக்காது.

அப்படியானால் தீனி போட்டுவிட்டால் போயிற்றே என்பாய். பாதி சரி. காய்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டை இரவில் அதன் பொந்தருகே கல்லில் செருகி வை. இறால் துண்டை அளவில்லாமல் போட்டால் மிச்சம் அழுகி அம்மோனியாவாகும். நண்டிடமிருந்து காப்பாற்றிய மீனைத் தண்ணீரே கொல்லும். இன்னொன்று, நண்டு நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியும்படி வளர்வதில்லை. ஓட்டைக் கழற்றும்போதுதான் ஒரே தாவலாகப் பெரிதாகும். ஒரு காலை மணலில் முழு நண்டு ஒன்று செத்துக் கிடப்பதுபோலத் தெரிந்தால் பதறாதே. பெரும்பாலும் அது வெற்றுச் சட்டைதான். சட்டைக்காரர் ஓடு இறுகும்வரை பொந்துக்குள் பதுங்கியிருப்பார். அந்த நாட்களில் பயப்பட வேண்டியது மீன் அல்ல, நண்டு. வெளியே வரும்போது அதே பொந்து அவருக்குக் கொஞ்சம் சிறிதாகியிருக்கும். போன மாதம் ஆபத்தில்லாத நண்டு இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கடைசியில் நண்டுதான் என்று முடிவானால், பாறையைக் கலைக்காதே. உயரமான கண்ணாடி டம்ளருக்குள் ஒரு இறால் துண்டைப் போட்டு, இரவில் பாறைமேல் சாய்த்து வை. வாசனைக்கு ஏறி உள்ளே விழும். வழவழப்பில் கால் பிடிக்காது, ஏற முடியாது. பிடித்ததைப் பரிதாபப்பட்டு மெரினாவில் விட்டுவிடாதே. கடைகளில் ‘சாலி லைட்ஃபுட்’ என்று விற்கும் பெர்க்னான் கிப்பெசி 1999-இல் மத்தியதரைக் கடலில் முதன்முதலாகத் தென்பட்டது. எப்படி நுழைந்ததோ, சில ஆண்டுகளிலேயே கரை கரையாகப் பரவிவிட்டது. அயல்கடல் நண்டுக்கு வங்கக் கடலில் வேலை இல்லை. தனித்தொட்டியில் வை, அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடு.

இன்று டம்ளர் வேண்டாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்; சிவப்பு வெளிச்சம் நண்டுகளுக்கு அவ்வளவாக உறைக்காது. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார். கொடுக்கு நுனி கரண்டியா, கத்தியா? அதையும் அம்மோனியா அளவையும் எழுது.

அன்புடன்,
மாமா